கைமாறி வரும் மின்சாரக் கார்

அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் டெஸ்லா நிறுவனம் மாடல் எஸ் வரிசையில் பி85டி என்னும் காரை அறிமுகம் செய்து, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை அது 3.2 வினாடியில் எட்டிவிடும் என்று பிரகடனம் செய்தபோது, அதை வாங்க விரும்பியவர் ஒரு லட்சம் டாலருக்கு மேல் எண்ணி வைக்க வேண்டியிருந்தது. அதே கார் இன்று அந்நாட்டின் பழைய கார்ச் சந்தையில் ஒரு சாதாரணக் குடும்பக் காரின் விலைக்கே வந்து நிற்கிறது. 2023 ஜனவரியில் அந்த நிறுவனம் புதுக் கார்களின் விலையைத் தடாலடியாகக் குறைத்ததும், மறு வருஷம் ஜனவரியில் ஹெர்ட்ஸ் என்னும் வாடகைக் கார் நிறுவனம் தன் மின்சாரக் கார்களில் சுமார் 20,000ஐ விற்றுவிடத் தீர்மானித்ததும் பழைய கார்களின் விலையை இன்னும் சரித்துவிட்டன. இத்தனை வேகம் இவ்வளவு சல்லிசாகக் கிடைக்கும்போது வாலிபர்களுக்கு மட்டுமன்றி வயோதிகர்களுக்கும் சபலம் தட்டுவது சகஜமே.

பெட்ரோலில் ஓடும் வேகக் காரைப் பழையதாக வாங்குகிறவர், முன்பு வைத்திருந்தவர் அதை எவ்வளவு முரட்டுத்தனமாக விரட்டியிருப்பாரோ என்று அஞ்சுவது நியாயந்தான். ஏனெனில் அங்கே அனுபவித்த வேகமெல்லாம் பிஸ்டனிலும் கிளட்சிலும் கியர்ப்பெட்டியிலும் தேய்மானமாகத் தங்கிவிடுகிறது. மின்சார மோட்டாரில் சுழலுகின்ற உறுப்பு ஒன்றே பிரதானம். மாடல் எஸ் காரில் கிளட்சும் இல்லை, கியர் மாற்றுவதும் இல்லை. ஆகையால் பத்து வருஷம் கழித்தும், முதுகை ஆசனத்தோடு சேர்த்து அழுத்துகிற அந்தப் பாய்ச்சல் ஏறக்குறையப் பழையபடியே இருக்கக்கூடும். விற்பவரும் உங்களை ஏற்றி உட்காரவைத்து அதைத்தான் முதலில் காட்டுவார். ஆனால் மோட்டாருக்கு நோயே கிடையாது என்று எண்ணிவிட வேண்டாம். ஆரம்ப கால மாடல் எஸ் கார்களின் பெரிய பின் மோட்டாரில், குளிர்ச்சிக்காக ஓடும் திரவம் முத்திரை வளையத்தைக் கடந்து உள்ளே கசிந்து, நாளடைவில் மின்கருவிகளையே கெடுத்துவிடுவதுண்டு. விவரமறிந்த மெக்கானிக்குகள் மோட்டாரின் வேகத்தை அளக்கும் சிறிய சென்சரைக் கழற்றி, அதன் நுனி ஈரமாக இருக்கிறதா, உலர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே பேச ஆரம்பிப்பார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு ஒப்பான பரீட்சை இது.

எனினும் வேகத்தின் உண்மையான உறைவிடம் மோட்டார் அன்று, பேட்டரியே. 85 யூனிட் பேட்டரி என்று பெயர்பெற்ற அந்தப் பெட்டிக்குள், விரல் பருமனுள்ள 7,000க்கும் அதிகமான சிறு மின்கலங்கள் 16 தொகுதிகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. 2015ஆம் ஆண்டில் 'லூடிக்ரஸ்' என்ற பெயரோடு வந்த அதிவேக ஏற்பாட்டின் ரகசியமும் புது மோட்டார் அன்று; பேட்டரியின் ஃபியூஸை வேறு விதமாக அமைத்து, 1,300 ஆம்பியராக இருந்த மின்னோட்டத்தின் வரம்பை 1,500 ஆம்பியராக உயர்த்தியதே அது. பி85டி காருக்கு 691 குதிரைசக்தி என்று விளம்பரம் செய்தார்கள்; அது மோட்டார்கள் தாங்கக்கூடிய அளவேயன்றிப் பேட்டரி தரக்கூடிய அளவன்று என்று நார்வே நாட்டு உரிமையாளர்கள் வழக்காட, 2016இல் நிறுவனம் அவர்களுடன் சமரசம் செய்துகொண்டது. குளிர்ந்து கிடக்கும்போதும் சார்ஜ் குறைந்திருக்கும்போதும் பேட்டரியின் வீரியம் குன்றும் என்பதால், நிறைய சார்ஜ் ஏற்றிய காரை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யாமல், 30 சதவீதத்துக்கு இறங்கிய பிறகும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பேட்டரி எவ்வளவு மூப்படைந்திருக்கிறது என்பதை அறிய, திரையில் தெரியும் மைல் கணக்கை நம்புவதைவிட ஓர் எளிய கணக்குப் போடலாம். 90 சதவீதத்தில் கிளம்பி, இடையில் நிறுத்திப் போடாமல் 40 சதவீதம் வரை ஓட்டுங்கள். அதற்குள் செலவானது 35 யூனிட் என்று திரை காட்டினால், முழுப் பேட்டரியில் உபயோகத்துக்கு இருப்பது 70 யூனிட். புதிதாக இருந்தபோது சுமார் 77 இருந்ததாகையால், பத்து வயதுப் பேட்டரிக்கு இது நல்ல தேகநிலையே.

இந்தக் கணக்குக்கும் அடங்காத ஒரு விஷயம், கார் உங்கள் வாசலில் நிற்கும்போதே நிறுவனம் எங்கிருந்தோ அதன் குணத்தை மாற்ற முடியும் என்பது. 2019இல் அனுப்பப்பட்ட ஒரு மென்பொருள் மாற்றத்தால் சில மாடல் எஸ் கார்களின் பேட்டரி மின்னழுத்தத்துக்கு வரம்பு விழ, வழக்கின் முடிவில் 2021ஆம் ஆண்டு 1,743 கார்களின் உரிமையாளர்களுக்காக 15 லட்சம் டாலர் கொடுக்க நிறுவனம் இசைந்தது. வியாபாரியிடம் வாங்கிய பழைய கார் ஒன்றிலிருந்து தானியங்கி ஓட்ட வசதி பறிக்கப்பட்டு, 2020இல் பத்திரிகைகளில் விஷயம் வெளிவந்த பின் திருப்பித் தரப்பட்டதும் உண்டு. ஆகவே விளம்பரத்தில் எழுதியிருக்கும் வசதி ஒவ்வொன்றும் நிறுவனத்தின் கணக்கில் அந்தக் காரின் பெயரால் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

2018 வரை வந்த கார்களில் பெரிய நடுத் திரையின் நினைவகம் தேய்ந்து போனதால் 2021இல் சுமார் 1,35,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்தப் பாகம் மாற்றப்பட்டதற்கு ரசீது கேளுங்கள். பின் டயர்கள் உட்சரிவாக நிற்பதால் வெளிப்பக்கம் புதிதுபோல் இருக்க உள்விளிம்பு தேய்ந்துபோவதுண்டு. குனிந்து உட்புறமாகக் கையை விட்டுத் தடவினால் கம்பி விரலில் நெருடும். விபத்தில் நொறுங்கி, காப்பீட்டுக் கம்பெனி கழித்துக்கட்டிய காரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கடைசியாகத் தேதி. அந்நாளைய 85 யூனிட் கார்களின் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் மைல் வரம்பின்றி 8 வருஷ வாரண்டி இருந்தது. ஆனால் 2016இல் விற்ற காருக்கு அது 2024இலேயே முடிந்துவிட்டது. அதன் பிறகு பேட்டரி கெட்டால் மாற்றும் செலவு 10,000 டாலரைத் தாண்டி, காரின் கிரயத்தையே எட்டிவிடக்கூடும். 2020 முதல் விற்ற மாடல் எஸ் கார்களுக்கோ 8 வருஷம் அல்லது 1,50,000 மைல் என்பது வரம்பு. பேட்டரியின் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போகாதென்ற உறுதியும் சேர்ந்திருக்கிறது. என் அபிப்பிராயத்தில், வாரண்டி தீர்ந்த பி85டியைவிட, அரை வினாடி மந்தமானாலும் வாரண்டியில் இரண்டு வருஷமாவது மிச்சமுள்ள காரே மேல்.