அமெரிக்கா சேலத்தில் இருந்து வேலூருக்கு!
300 ஆண்டுக் குடும்பக் கதை

வேலூர் பெரிய ஆஸ்பத்திரியை அறியாதவர் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் உடம்புக்கு வந்தால் ஓடுவது அங்கேதான். அதை உண்டாக்கியவர் டாக்டர் ஐடா ஸ்கடர் என்ற பெண்மணி.

அவருடைய குடும்பத்தின் வேர் எங்கே இருக்கிறது, தெரியுமா?

சேலத்தில்!

நம் சேலம் அல்ல. அமெரிக்காவிலும் சேலம் என்று ஓர் ஊர் உண்டு.

உயில் சொன்ன செய்தி

இங்கிலாந்தில் இருந்து கப்பல் ஏறிப்போய், அமெரிக்காவில் குடியேறியவர் தாமஸ் ஸ்கடர். 1640-களில் அவர் சேலத்தில் வசித்தார். 1657-ல் இறந்தார். அவர் ஓர் உயில் எழுதி வைத்தார். யார் யார் அவருடைய பிள்ளைகள் என்பது அந்த உயிலில் இருந்து தெரிகிறது.

அவருடைய பிள்ளைகள் லாங் ஐலண்டு என்ற நீண்ட தீவுக்குப் போனார்கள். அந்தக் காலத்தில் அது வெள்ளையர் குடியேற்றத்தின் எல்லை. காட்டை வெட்டி வீடு கட்டினார்கள். ஆனால் அது ஆள் இல்லாத நிலம் அல்ல. அங்கே பழங்குடி மக்கள் காலம் காலமாக வாழ்ந்து வந்தார்கள். வந்தவர்கள் பெருகப் பெருக, அவர்கள் நிலம் இழந்தார்கள்.

போரில் இறந்த டாக்டர்

இந்த வம்சத்தில் 1733-ல் பிறந்தவர் நத்தானியல் ஸ்கடர். அவர் ஒரு டாக்டர். நியூஜெர்சியில் வாழ்ந்தார். இங்கிலாந்தை எதிர்த்து அமெரிக்கா விடுதலைப் போர் நடத்தியபோது, அவர் அமெரிக்கக் காங்கிரஸ் சபையின் உறுப்பினர். 13 மாநிலங்களை ஒன்றாக இணைத்த ஒப்பந்தத்தில் 1778-ல் அவர் கையெழுத்துப் போட்டார்.

1781 அக்டோபரில் எதிரிகளுடன் நடந்த சண்டையில் அவர் குண்டு பாய்ந்து இறந்தார். யார்க்டவுனில் ஆங்கிலப்படை சரண் அடைய அப்போது சில நாட்களே இருந்தன!

பேரன் வந்தார்

அவருடைய பேரன் ஜான் ஸ்கடர், நியூயார்க்கில் பேர்பெற்ற டாக்டர். ஒருநாள் நோயாளி வீட்டில் காத்திருந்தபோது, மேசைமேல் கிடந்த சிறு புத்தகத்தை எடுத்துப் படித்தார். கீழ்நாடுகளுக்கு மதப் பணிக்கு வரும்படி அது அழைத்தது. அவர் மனம் மாறியது. 1819-ல் மனைவி ஹாரியட்டுடன் கப்பல் ஏறினார்.

கல்கத்தா வந்து சேர்ந்ததும் அவர்களுடைய பெண் குழந்தை இறந்தது. துக்கத்தோடு யாழ்ப்பாணம் போனார்கள். பண்டத்தரிப்பில் ஆஸ்பத்திரி நடத்தினார்கள். 1836-ல் சென்னைக்கு வந்தார்கள்.

ஜானின் ஏழு மகன்கள் தமிழ்நாட்டில் மதப் பணி செய்தார்கள். மூன்று பேர் சேர்ந்து 1853-ல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். 1866-ல் சைலஸ் என்ற மகன் ராணிப்பேட்டையில் மருத்துவமனை திறந்தார். கடைசி மகன் பெயரும் ஜான்தான். அவருடைய மகள்தான் ஐடா. 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார்.

ஒரே இரவில் மூன்று சாவு

ஐடாவுக்கு டாக்டர் தொழிலில் ஆசை இல்லை. அமெரிக்காவில் சுகமாக வாழவே விரும்பினார். தாய்க்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தார்.

அங்கே ஓர் இரவு, மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர். ஒருவர் முஸ்லிம். ஒருவர் வேறு ஒரு சாதி இந்து. மூவரின் மனைவிமாரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டு இருந்தார்கள்.

"அப்பா டாக்டர். அவர் வருவார்" என்றார், ஐடா.

"ஆண் டாக்டர் வேண்டாம். நீங்கள் வாருங்கள்" என்றார்கள், மூவரும்.

ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. பொழுது விடிந்தது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்!

அன்றே ஐடா முடிவு செய்தார். அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்தார். 1900-ல் திரும்பி, வேலூரில் ஒரு சின்ன அறையில் வைத்தியம் தொடங்கினார். 1902-ல் 40 படுக்கை ஆஸ்பத்திரி எழுந்தது. 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்தார். முதல் அணியில் தேர்வு எழுதிய 14 பெண்களும் 1922-ல் தேறினார்கள். 1947-ல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். 1960-ல் கொடைக்கானலில் ஐடா காலமானார். அப்போது வயது 89.

ஒரு நோட்டுப் போதும்

ஐடாவின் முன்னோர் கதை இன்று தெரிகிறது என்றால், காரணம் உயிலும் ஊர்ப் பதிவேடுகளும் கடிதங்களும்தான். பெரிய குடும்பத்துக்கு மட்டும் உரியவை அல்ல அவை. நம் வீட்டிலும் நிலப்பத்திரம் இருக்கும். பழைய கல்யாணப் பத்திரிகை இருக்கும். பள்ளிக்கூடச் சான்றிதழ் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டி இருப்பார். பாட்டியின் தாய் பெயர் என்ன? எந்த ஊரில் இருந்து வந்தார்கள்? என்ன தொழில் செய்தார்கள்? இன்றே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். எழுதி வைத்தால் 300 ஆண்டு நிற்கும். எழுதாமல் விட்டால், பாட்டியோடு போய்விடும்!