கடலோரத் தடங்கள் – 12: படமில்லாத சாடிகள்

வத்திக்கான் அருங்காட்சியகத்தில் ஒரு மதுச்சாடி இருக்கிறது. ஏதென்ஸ் நகரத்து எக்ஸீகியாஸ் கி.மு. 530ஐ ஒட்டிச் செய்தது. டிராய்ப் போரின் நடுவே கிடைத்த ஓய்வில் அக்கிலீசும் அஜாக்சும் எதிரெதிரே உட்கார்ந்து, ஈட்டியைக்கூடக் கீழே வைக்காமல், காய் உருட்டி ஆடுகிறார்கள். அக்கிலீசின் வாயருகே ‘நான்கு’, அஜாக்சின் வாயருகே ‘மூன்று’ என்று கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. ஆட்டத்தில் வென்றவனும் தோற்றவனும் ஊர் திரும்பப்போவதில்லை என்பது அந்த நாட்டில் குழந்தைக்கும் தெரிந்த கதை. சாடியைச் செய்ததும் படம் வரைந்ததும் நானே என்று எக்ஸீகியாஸ் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

யவனர் என்று நாம் அழைத்த கிரேக்க, ரோமானிய வணிகர் வந்துபோன கரை நம்முடையது. இப்படி ஒரு சாடியின் உடைந்த துண்டாவது இங்கே மண்ணுக்குள் கிடக்க வேண்டாமா?

தேட வேண்டிய இடம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் தாண்டி, பாலாறு கடலில் சேருமிடம். பல்லவ அரசர்களின் வம்சாவளியைத் தூணில் பொறித்துவைத்த வயலூர் அங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் வசவசமுத்திரம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1970இல் அங்கே குழி வெட்டியது. இரா. நாகசாமியும் அப்துல் மஜீதும் எழுதிய அறிக்கையில் உறைகிணறுகள், உருளை கொண்டு கோலமிட்ட ‘ரௌலட்டட்’ ஓடுகள், கூம்பு அடிச் சாடித் துண்டுகள் எல்லாம் வருகின்றன. அக்கிலீஸ் இல்லை. தெற்கே அரிக்கமேட்டுக்குப் போனாலும் இல்லை.

இருக்கவும் முடியாது. ஏதென்சில் படம் வரைந்த சாடிகளின் காலம் கி.மு. நான்காம் நூற்றாண்டோடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. பருவக்காற்றைப் பிடித்துக் கப்பல்கள் நம் பக்கம் பெருவாரியாக வந்தது அதற்கு முந்நூறு ஆண்டு கழித்து. அவற்றில் வந்தவை சரக்குச் சாடிகள். ஆம்போரா என்னும் அந்த இருபிடிச் சாடிகளின் அரிக்கமேட்டு ஓடுகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், அவற்றில் கணிசமானவை கிரேக்கத் தீவான காஸ் மதுவுக்கானவை என்று கண்டார். கடல்நீர் கலந்து செய்யும் மது அது. நம் அரசர்கள் அதை எப்படி ரசித்துக் குடித்தார்களோ! ஆக, கிரேக்கச் சாடி இந்தக் கரைக்கு வரத்தான் செய்தது. ஆனால் கப்பலின் அடித்தட்டில் நெருக்கி அடுக்கிவைக்கிற கலத்துக்கு யார் படம் வரைவார்கள்?

ஓடுகளை நம்புவதிலும் நிதானம் வேண்டும். ரௌலட்டட் வகை மத்தியதரைக்கடல் சரக்கு என்று 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்ட்டிமர் வீலர் நினைத்தார். அது இந்தியாவிலேயே வனைந்தது என்று பின்னால் விமலா பெக்லி வாதாடினார். இன்று அதுவே பெரும்பாலோர் ஏற்ற முடிவு. இந்தியத் தளங்கள் பலவற்றில் ஆம்போரா என்று பதிவான ஓடுகளை ராபர்ட்டா டாம்பர் மறுபடி எடுத்துப் பார்த்தபோது, சில மெசபடோமியச் சாடிகளாக மாறிப்போயின.

எனக்கு இதைவிட வியப்பு சூளையில் இருக்கிறது. எக்ஸீகியாசின் கறுப்பு சாயமல்ல. இரும்புச்சத்துள்ள நைசான களிமண் குழம்பால் உருவங்களை வரைந்து சூளையில் வைப்பார்கள். முதலில் காற்று விட்டு எரித்தால் எல்லாம் சிவக்கும். காற்றை அடைத்துப் புகைய விட்டால் எல்லாம் கறுக்கும். மறுபடி காற்றைத் திறந்தால் வெறும் மண் சிவப்புக்குத் திரும்பும்; குழம்பு பூசிய இடம் கண்ணாடிபோல உருகி இறுகிவிட்டதால் கறுப்பாகவே நிற்கும்.

செங்கல்பட்டு மாவட்டத்துச் சானூரில் 1950களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறை பெருங்கற்கால ஈமக்குழிகளைத் திறந்தது. கால் வைத்த சுடுமண் ஈமப்பேழைகளோடு கறுப்பு-சிவப்புப் பானைகளும் அங்கே வந்தன. உள்ளும் விளிம்பும் கறுப்பு, வெளியே சிவப்பு. பானையைக் கவிழ்த்து வாயை வைக்கோலிலோ சாம்பலிலோ புதைத்துச் சுட்டால் காற்றுப் படாத பக்கம் கறுக்கும் என்பது பொதுவாகச் சொல்லும் விளக்கம். அதே இரும்பு, அதே காற்றுக் கணக்கு. ஏதென்ஸ் குயவர் அதைக் கொண்டு கதை வரைந்தார். சானூர்க் குயவர் பானைக்கு நிறம் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டார். இம்மாதிரிப் பானைகளில் யாரோ கீறிய குறியீடுகள் உண்டு. அவை கதையல்ல.

கதையே தெரியாத குயவர்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. ஆதிச்சநல்லூரில் 2004-05 அகழாய்வின்போது தாழிக்குள் கிடைத்த ஓடு ஒன்றில், மண்ணை ஒட்டிச் செய்த புடைப்பு உருவங்கள் உண்டு: ஒரு பெண், நெற்கதிர், கொக்கு, மான், முதலை. என்ன கதையோ, யாரும் அவர்கள் வாயருகே எழுதிவைக்கவில்லை. அழகன்குளத்து ஓடு ஒன்றில் பெரிய பாய்மரக் கப்பலே நிற்கிறது. இரண்டும் தெற்கே, நம் தொண்டை நாட்டில் இவற்றுக்கு ஈடாக ஒன்றைக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

ஆனால் யவனர் கொண்டுவந்த அழகிய பொருள் ஒன்று இந்தக் கரையின் பாட்டில் பதிவாகியிருக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் நீர்ப்பெயற்று என்ற துறையை அடையும்போது, வேள்வித் தூணின் மேல் அமர்ந்த மீன்கொத்திக்கு யவனரின் அன்ன விளக்கை உவமையாக எடுக்கிறார். கேட்பவருக்கு அந்த விளக்கு தெரிந்திருந்தால்தான் உவமை செல்லும். நீர்ப்பெயற்று மாமல்லபுரமே என்பாரும் உண்டு, பாலாற்று முகத்துவாரம் என்பாரும் உண்டு. சாடி ஓடுகள் கிடைத்த பக்கமே என் சாய்வு.