ரயிலை எண்ணினால் ரயில்வே உத்தியோகமா?

புது டில்லி ரயில் நிலையத்தில், 2022ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில், தமிழ்நாட்டு இளைஞர்கள் 28 பேர் வெவ்வேறு பிளாட்பாரங்களில் தினம் எட்டு மணி நேரம் நின்றார்கள். எந்த வண்டி வந்தது, எது புறப்பட்டது, அதில் எத்தனை பெட்டிகள் என்று எண்ணுவதுதான் அவர்களுக்கு இடப்பட்ட வேலை. டிக்கெட் பரிசோதகர், டிராஃபிக் அசிஸ்டென்ட், கிளார்க் உத்தியோகங்களுக்கு அதுதான் பயிற்சி என்று சொல்லியிருந்தார்கள். டில்லி வெயிலில் ஏறக்குறைய ஒரு மாதம் எண்ணினார்கள். பிறகுதான் தெரிந்தது, பயிற்சியும் பொய், உத்தரவும் பொய் என்று. ஆளுக்கு 2 லட்சம் முதல் 24 லட்சம் வரை, மொத்தம் 2 கோடியே 67 லட்சம் ரூபாய் பறிபோனதாகப் புகார். டில்லி போலீசின் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குப் போன இந்த விவகாரம் அந்த ஆண்டு டிசம்பரில் பத்திரிகைகளில் வெளிவந்தது.

அப்போது சிரித்தவர்கள் உண்டு. "இஞ்சினீயரிங் படித்த பையன்களா இப்படி ஏமாந்தார்கள்?" என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் சிரிப்பது அவ்வளவு நியாயமல்ல. ரயில்வேயில் பெட்டி நம்பர் குறிக்கும் வேலை உண்மையாகவே இருந்தது. கூட்ஸ் யார்டில் டிரெயின்ஸ் கிளார்க் என்பவர் கையில் நோட்டுடன் வேகன் வேகனாக நடந்து நம்பர் எழுதிய காலம் உண்டு. இன்று அந்தக் கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. ஆக, மோசடிப் பேர்வழிகள் முழுப் பொய் சொல்வதில்லை. பாதி உண்மையை முன்னால் வைத்து மீதியை விற்கிறார்கள். இந்த இளைஞர்களை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்தார்கள், சர்டிபிகேட்டுகளைச் சரிபார்த்தார்கள். வேலைக்குச் சேருகிறவனுக்கு இவையெல்லாம் உண்மையாகவே நடப்பவைதானே? இத்தனைக்கும் இவர்களை அந்தக் கும்பலிடம் அழைத்துச் சென்றவர் ஒரு முன்னாள் ராணுவத்தினர். தானும் ஏமாந்ததாகச் சொல்லி, கடைசியில் புகார் கொடுத்தவரும் அவரே.

அவர்களிடம் நடக்காதது ஒன்றே ஒன்றுதான்: பரீட்சை.

ரயில்வே தேர்வு வாரியம் நடத்தும் பரீட்சை எழுதாமல் வெளியிலிருந்து ஒருவர் கிளார்க்காகவோ டிக்கெட் பரிசோதகராகவோ நுழைய முடியாது. பணியில் இருக்கும்போது இறந்தவரின் வாரிசுக்குக் கருணை அடிப்படையிலும், விளையாட்டு வீரர்களுக்குத் தனி ஒதுக்கீட்டிலும் வேலை கொடுப்பதுண்டு. அதற்கும் விலை கிடையாது.

அறிவிப்பு 'எம்ப்ளாய்மென்ட் நியூஸ்' வார இதழிலும் வாரியங்களின் இணையதளங்களிலும் வரும். அண்மைக் கால அறிவிப்புகளின்படி கட்டணம் 500 ரூபாய். முதல் பரீட்சையை எழுதினால், வங்கிக் கட்டணம் போக 400 ரூபாய் திரும்பி வந்துவிடும். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் முதலியோருக்கு 250தான். அதுவும் திரும்ப வரும். ஒரு மனிதன் ரயில்வே வேலைக்காகக் கட்டவேண்டிய கட்டணம் இவ்வளவே. தமிழிலேயே எழுதலாம். கிளார்க் வகைப் பதவிகளுக்கான முதல் கட்டத்தில் 90 நிமிடத்தில் 100 கேள்விகள். தவறான விடைக்கு மூன்றில் ஒரு மார்க் கழியும். தெரியாததைத் தொடாமல் விடுவதே லாபம். டைப்பிஸ்ட் வகைப் பதவிகளுக்கு நிமிடத்துக்கு ஆங்கிலத்தில் 30 வார்த்தை அல்லது இந்தியில் 25 வார்த்தை அடிக்க வேண்டும். தமிழ் டைப்பிங் இங்கே உதவாது. இதைத் தெரியாமல் நிற்பவர்கள் இன்னும் உண்டு.

பரீட்சை, சர்டிபிகேட் பரிசோதனை, மருத்துவம் எல்லாம் முடிந்தாலும் வாரியம் சிபாரிசு மட்டுமே செய்யும். நியமன உத்தரவு கொடுப்பது அந்தந்த ரயில்வேயின் பணியாளர் பிரிவு. டிக்கெட் பரிசோதகருக்குப் பயிற்சி பிளாட்பாரத்தில் தொடங்குவதில்லை. தென்னக ரயில்வேக்குத் திருச்சியிலும், வடக்கு ரயில்வேக்கு உத்தரப் பிரதேசத்துச் சந்தௌசியிலும் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அங்கே வகுப்பு, விடுதி, முடிவில் தேர்வு.

உறவினர் செய்யக்கூடியது

கரோல்பாகிலோ ஆர்.கே.புரத்திலோ குடியிருக்கும் நம்மவர் வீட்டுக்கு ஊரிலிருந்து போன் வரும். "பையனுக்கு ரயில்வேயில் ஆர்டர் வந்துவிட்டது, ஒரு மாதம் உங்களோடு தங்கட்டும்" என்பார்கள். பையனும் தமிழ்நாடு எக்ஸ்பிரசில் வந்து இறங்குவான். சந்தோஷமாக வருகிறவனிடம் சந்தேகமாக ஒரு கேள்வி கேட்க யாருக்கும் மனம் வராது. பொறாமை என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம் வேறு. "எந்த அறிவிப்பு நம்பர் தம்பி? உன் ரோல் நம்பர் என்ன? தேர்வானவர் பட்டியலில் பார்த்தாயா?" என்று மூன்று கேள்விகளைச் சாப்பாடு போடும்போதே கேட்டுவிடலாம். விடை வராவிட்டால், உத்தரவில் கண்ட ரயில்வேயின் பணியாளர் அலுவலகத்துக்கு அவனையே நேரில் அழைத்துப் போய்க் காட்ட வேண்டும். அரை நாள் லீவு போகும், போகட்டும். ஆன்லைனில் பணம் அனுப்பிவிட்டிருந்தால் அன்றே 1930 என்ற எண்ணுக்குச் சொல்வது நல்லது. வெட்கப்பட்டு நாள் கடத்தினால் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

முறையாகத் தேர்வாகி வருகிறவனுக்கு வேறு கவலை. முதல் இரண்டு வருஷம் புரொபேஷன். வந்த மறுமாதமே ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதத் துடிப்பான். சொந்த வேண்டுகோளில் வேறு ரயில்வேக்குப் போனால் அங்கே சீனியாரிட்டியில் கடைசி ஆள். அங்கிருந்து இங்கே வர விரும்பும் ஒருவரோடு பரஸ்பர மாற்றல் கிடைத்தாலும், இருவரில் குறைந்தவரின் சீனியாரிட்டிதான் கைக்கு வரும். அம்மாவின் அழுகை ஒரு பக்கம், பிரமோஷன் ஒரு பக்கம். வடக்கே சில வருஷம் தங்கி, இந்தி பேசக் கற்று, இலாகா பரீட்சை ஒன்றையும் எழுதிவிட்டு அப்புறம் மனுப் போடலாம் என்பது இங்கே பழம் தின்று கொட்டை போட்டவர்களின் அபிப்பிராயம். அவர்களில் பாதிப் பேர் மனுப் போடவே இல்லை.