இணையவழிக் கல்வியும் மீள ஓதுதலும்

இணையவழிக் கல்வியில், பாடத்தைப் பார்த்து முடிப்பதையே கற்றலாகக் கருதும் மயக்கம் மிகுதி. பொருளற்ற அசைகளை மனனம் செய்து தம்மையே சோதித்த எபிங்ஹாஸ், அவற்றில் பெரும்பகுதி ஒரே நாளில் மறந்துபோவதை 1885இல் எடுத்துக்காட்டினார். ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தோர் ஐந்து நிமிடத்திற்குப் பின் நடந்த தேர்வில் முந்தினர். ஒரு வாரத்திற்குப் பின்னரோ, பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியோரே விஞ்சினர்.

இமாம் ஸர்னூஜி (ரஹ்) அவர்களின் 'தஃலீமுல் முதஅல்லிம்', நேற்றைய பாடத்தை ஐந்து முறையும் அதற்கு முந்தியதை நான்கு முறையும் என இறங்குமுறையில் மீள ஓதப் பணிக்கிறது. ஹிஃப்ளு மாணவர் பழைய பாடத்தை உஸ்தாதிடம் பாராமல் ஒப்பிப்பதும் இவ்வகைப் பயிற்சியே.

ஆகவே இணையப் பாடத்தில் காணொளிக்கு இடையே வினா எழ வேண்டும். சில நாள் கழித்து அவ்வினா மீண்டும் வர வேண்டும். விடையைக் கேட்டுத் திருத்த ஆசிரியர் ஒருவர் இருக்க வேண்டும். இவையின்றேல், எத்துணை அழகாகப் படமாக்கப்பட்ட பாடமும் நெஞ்சில் நிலைப்பது அரிது.