அரை மணி வெளிச்சம்

தாஜ்மகாலில் காலைச் சூரியனை நம்பியிருக்கும் புகைப்படக்காரர்களுக்குப் போட்டி, வருகிறவர் பையிலேயே இருக்கிறது

சூரியன் உதிக்க அரை மணி இருக்கும்போதே தாஜ்மகாலின் கதவுகள் திறந்துவிடுகின்றன. முண்டியடித்து நுழையும் பயணிகளுக்காகக் காத்திருக்கிறார்கள், இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் பெற்ற புகைப்படக்காரர்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. மிச்சம் ஆறு காலைகள்.

இவர்களின் உண்மையான முதலீடு காமிரா அல்ல, வெளிச்சம். அடிவானத்தில் இருக்கும் சூரியனின் ஒளி, தலைக்கு நேர் மேலே இருக்கும்போது கடப்பதைவிட சுமார் 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. நீலம் வழியிலேயே சிதறிவிட, மிஞ்சுவது சிவப்பும் மஞ்சளும். விளைவு: சாம்பலாகத் தெரிந்த பளிங்கு இளஞ்சிவப்பாகி, பொன்னாகிறது. சுமார் அரை மணியில் எல்லாம் முடிந்து பழைய வெள்ளை.

திசையும் முக்கியம். தாஜின் முகப்பு தெற்கு நோக்கியது. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை தென்கிழக்கில் எழும் சூரியன் பக்கவாட்டில் ஒளி வீசி, கும்மட்டத்தின் உருட்சியை எடுத்துக் காட்டுகிறது. ஜூனில் சூரியன் வடகிழக்கில் உதிப்பதால் முகப்பு நிழலில் கிடக்கிறது. டிசம்பர், ஜனவரியில் வில்லன் மூடுபனி. மாலையிலோ அஸ்தமனத்துக்கு அரை மணி முன்பே கதவை மூடிவிடுகிறார்கள். அந்திப் படம் வேண்டுமானால் யமுனையின் அக்கரையில் உள்ள மெஹ்தாப் பாக் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும்.

இப்போது பிரச்னை செல்போன். 1992 பிப்ரவரியில் இளவரசி டயானா தனியே உட்கார்ந்திருந்த பளிங்கு பெஞ்சில், இன்று யார் வேண்டுமானாலும் தாங்களே படம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் செல்போன் சில சமயம் பொன்னிறத்தைத் தவறு என்று நினைத்து வெளுப்பாக்கிவிடும். பிரகாசமான வானத்துக்கு எதிரே நிற்பவரின் முகத்தை இருட்டாக்கிவிடும். எங்கே நிற்க வேண்டும், முகத்தை எவ்வளவு கிழக்கே திருப்ப வேண்டும் என்று தெரிந்தவர், அனுபவமுள்ள புகைப்படக்காரர். அவர் விற்பது அந்த அறிவைத்தான்.

அதற்கும் மூலதனம் பளிங்குதான். காற்றிலுள்ள கரித்துகளும் தூசியும் படிந்து அது நிறம் மாறுவதை 2014இல் வெளியான ஆய்வு ஒன்று உறுதி செய்தது. முல்தானி மண் பூசிக் கழுவுகிறது தொல்லியல் துறை. கல் வெள்ளையாக இருந்தால்தானே காலைச் சூரியன் அதைப் பொன்னாக்க முடியும்?