கையெழுத்துப் போடும் முன்

பேருந்து நிலையத்தில் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கும் முதியவரைக் கண்டதும் மனதில் ஒரு தீர்ப்பு எழுதிவிடுகிறோம். குடித்தே அழித்திருப்பார், பிள்ளைகளோடு ஒத்துப்போயிருக்க மாட்டார், பிச்சையெடுத்துப் பழகியவர். இந்தத் தீர்ப்பு அவருக்குச் செய்யும் அநியாயம் பெரியது. வீடு கைவிட்டுப் போகும் வழிகளை நம் கண்ணிலிருந்து மறைப்பதால், நமக்கும் அது ஆபத்தானது.

அந்த வழிகள் மிகச் சாதாரணமானவை. வாட்ச்மேன் வேலை போனால், தங்கியிருந்த அறையும் சேர்ந்து போகும். கணவர் இறந்தபின், மனைவி மகன் வீட்டில் ஒண்ட வேண்டி வரலாம். மறதி நோயால் வழி தவறித் தடுமாறுகிறவரைப் போதையில் இருப்பதாக நினைத்து விலகிப் போகிறோம். அவரை வீட்டார் தேடிக்கொண்டிருக்கலாம்.

இவை தவிர, முன்கூட்டியே தடுக்கக்கூடிய ஒரு வழியும் உண்டு: உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரம். "எப்படியும் உனக்குத்தானே" என்று இருக்கும் ஒரே வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நிபந்தனையில்லாமல் எழுதி, பிள்ளையும் ஏற்றுக்கொண்ட பத்திரத்தை, எழுதிக் கொடுத்தவர் தானாக ரத்து செய்ய முடியாது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ஒரு வழி தருகிறது: பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் தீர்ப்பாயம் செல்லாததாக்கலாம். ஆனால் அந்த நிபந்தனை இருந்ததா என்பதில்தான் வழக்குகள் சிக்குகின்றன. 2022இல் உச்ச நீதிமன்றம் அதற்கு ஆதாரம் வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொண்டு ஒரு தாய்க்குச் சொத்தைத் திருப்பிக் கொடுத்தது. எழுதாமல் விட்ட ஒரு வரிக்காக எழுபது வயதில் நீதிமன்றம் ஏறி இறங்குவது கொடுமை.

அதைவிடக் கொடியது வெட்கம். "பிள்ளை பேர் கெட்டுடும்" என்று புகாரே கொடுக்காமல் எத்தனையோ பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். கேட்டால், சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறேன் என்பார்கள். தெருவில் கிடப்பவர் தவறு செய்தவராகத்தான் இருப்பார் என்று ஊர் பேசுவதே அந்த வாயை அடைக்கிறது. பெற்றோரைக் கைவிடுவது மூன்று மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்று அதே சட்டம் சொல்கிறது. தலைகுனிய வேண்டியவர் கைவிட்டவர்தான்.

தெருவுக்கு வந்தபின் மீள்வது கடினம். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. சென்னையில் அந்தப் பணத்துக்கு ஓர் அறை கிடைக்காது. அந்த உதவித்தொகையை வாங்கவும் ஆதார், முகவரி என்று காகிதங்கள் வேண்டும். மூட்டை திருட்டுப் போனால் அவையும் போய்விடும்.

ஆகவே, எழுதிக் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் பராமரிப்பு நிபந்தனையையும் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். உயில் என்றால் உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம். தெருவில் கிடக்கும் ஒரு முதியவரைக் கண்டால் 14567க்கு அழையுங்கள். முதியோருக்கான இலவச உதவி எண் அது.