கரையூர்கள் – 14: கதவு போட்ட ஆறு

போன கிழமை கருணாகரத் தொண்டைமானை உப்பு அள்ள இறக்கிவிட்டு நிறுத்தியிருந்தேன். கலிங்கத்தை அடித்த சோழத் தளபதி உப்புக்காகவா இவ்வளவு தூரம் வந்தார் என்று கேட்டு எழுதியவர்களுக்கு: தொண்டைமானாறு ஊர் அப்படித்தான் சொல்கிறது, ஊரும் அவர் பெயரில் நிற்கிறது. இந்தக் கிழமை செல்வச்சந்நிதி முருகன் கோயில் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கோயிலுக்குத்தான் புறப்பட்டேன். பாலத்தில் நின்றுவிட்டேன்.

பாலத்தடியில் கதவுகள். தொண்டைமானாற்றை ஆறு என்பது ஒரு மரியாதைக்குத்தான். எந்த மலையிலும் பிறந்ததல்ல; வடமராட்சிக் கடல்நீரேரி கடலோடு சேரும் வாய் இது. 1950களின் தொடக்கத்தில் அந்த வாய்க்குத் தடுப்பணை கட்டினார்கள். மாரியில் ஏரி நிரம்பும்போது திறந்து உப்பைக் கழுவிவிட வேண்டும். மழை ஓயும் நேரம் மூடி, நல்ல தண்ணியைப் பிடித்து வைக்க வேண்டும். வருடா வருடம் செய்தால் ஏரி இனிக்கும், ஏரி இனித்தால் சுற்றியுள்ள கிணறுகளும் இனிக்கும்.

ஏரிக்கும் கிணற்றுக்கும் என்ன உறவு? இரண்டு நாளாக இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கடல்நீர் 40 வாளியும் கிணற்றுநீர் 41 வாளியும் ஏறக்குறைய ஒரே எடை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைநீர் உப்புநீரின் மேல் எண்ணெய்போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணி நின்றால், கீழே 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும். ஓர் அடிக்கு நாற்பது! எந்த வங்கி இப்படி வட்டி தரும்? நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணியும் ஆழத்தில் உப்பும் இருப்பதன் மர்மமும் இதற்குள்தான்.

கணக்கைக் கண்டவர்களில் ஒருவர் கைபன், ஒல்லாந்து இராணுவப் பொறியியலாளர்; 1880களின் கடைசியில் எழுதினார். பிறகு, 1901இல், ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் தனியாக அதே முடிவுக்கு வந்தார். 1658 முதல் 1795 வரை 137 வருடம் ஒல்லாந்தர் நம் கிணற்றுத் தண்ணியைக் குடித்தார்கள். சூத்திரத்தையோ தங்கள் ஊருக்குப் போய்க் கண்டுபிடித்தார்கள்.

வட்டி திரும்பியும் வேலை செய்யும். துலா மிதித்த காலத்தில் கிணறு மெல்ல இறங்கி மெல்ல ஊறியது. இப்போது இறைக்கும் மெசின் நீர்மட்டத்தை ஓர் அடி இறக்கி வைத்தால், கீழிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். நம் கல் ஓட்டைக் கல்; அங்கே கணக்கு இதைவிட மோசமாகவும் போகலாம். வெங்காயத் தோட்டக்காரர் கதவை மூடச் சொல்வதும், இறால் பிடிப்பவர் திறக்கச் சொல்வதும் புரிகிறது. நான் மூடச் சொல்லும் கட்சி.

இந்தக் கதவைப் பெரிய கனவொன்றோடு பொருத்தியவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம். வன்னியிலிருந்து கனகராயன் ஆறு ஆனையிறவு ஏரிக்குக் கொண்டுவரும் நீரை முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சி ஏரிக்குத் திருப்பி, 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' தருவது அவர் 1954இல் வைத்த திட்டம். ஆற்றுமுகத்துக் கதவு, ஆறுமுகன் கோயில், ஆறுமுகம் திட்டம் – நானாகக் கோத்திருந்தால் ஆசிரியர் வெட்டியிருப்பார். கதவைப் போருக்குப் பின் புதுப்பித்துவிட்டார்கள். வாய்க்கால்தான் முழுமைப்படவில்லை.

நம் அலுவலகத்துத் தம்பி ஒருவன், "தொண்டைமானாறு எண்டு ஊரும் இருக்கோ அண்ணை? நான் சோதினைப் பேப்பர் எண்டெல்லோ நினைச்சன்" என்றான். குற்றம் அவனுடையதன்று. தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் வினாத்தாளில் வியர்க்காமல் வடக்கில் உயர்தரம் கடந்தவர் குறைவு. அந்த நிலையத்துக்கே ஒரு கிழமை வேண்டும்.

சந்நிதி அடுத்த கிழமை, நிச்சயம். அங்கே வாய் கட்டிப் பூசை செய்பவர்கள் என்னை ஏன் பிந்தினாய் என்று கேட்கப்போவதில்லை.